ரத்தத்தில் 'பாசிட்டிவ்', தையில் கல்யாணம்: ஹெர்பிஸ் பற்றி ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். நான் புரிந்துகொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 29, கோயம்புத்தூரில் வேலை, வருகிற தையில் கல்யாணம். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பெண்ணோடு உறவு. அதற்கு ஐந்தாறு நாள் கழித்துக் காய்ச்சல், மெடிக்கலில் கேட்டு ஏதோ மாத்திரை. பிறகு ஆணுறுப்பில் சின்னச் சின்னதாகக் கொப்புளம், எரிச்சல். பத்து நாளில் ஆறிவிட்டது, அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. நிச்சயதார்த்தம் முடிந்ததும் மனசு உறுத்தி ஒரு லேபில் எல்லா பால்வினை நோய்க்கும் சேர்த்து டெஸ்ட் எடுத்திருக்கிறீர்கள். எச்.ஐ.வி. நெகட்டிவ், சிபிலிஸுக்கான வி.டி.ஆர்.எல். டெஸ்டும் நெகட்டிவ். ஹெர்பிஸ் எனும் கொப்புள வைரஸின் 1, 2 வகைகளுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள்களில் ஐ.ஜி.ஜி. 1.6 என்று பாசிட்டிவ், ஐ.ஜி.எம்.மும் பாசிட்டிவ். ஆறு மாசத்தில் நெகட்டிவ் ரிப்போர்ட் வாங்கித் தருவதாக ஒருவர் 48,000 ரூபாய் கேட்கிறார். "இது முழுசா குணமாகுமா?" என்று முடித்துவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: அக்கா குழந்தையைத் தூக்கவே பயமாக இருக்கிறது என்று.

குணமாகுமா என்பது உங்கள் உண்மையான கேள்வி இல்லை என்று நினைக்கிறேன். நான் தொட்டால் யாருக்காவது கெடுதல் வருமா, இதை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணுக்குத் தாலி கட்டலாமா என்றுதான் கேட்கிறீர்கள். முதல் பாதிக்கு மருத்துவத்தில் பதில் இருக்கிறது. இரண்டாவது பாதிக்கு என் படிப்பு மட்டும் போதாது. ஆனால் இந்தக் கேள்வியோடு என் முன்னால் உட்கார்ந்தவர்களை நிறையப் பார்த்தவள் என்ற முறையில் சொல்ல முடியும்.

நான் அரசு மருத்துவமனை ஒன்றின் பால்வினை நோய்ப் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் ஓ.பி. பார்த்து ஓய்வுபெற்றவள். உள்ளே வந்ததும் "டாக்டர் எப்ப வருவாரு?" என்று என்னிடமே கேட்டுவிட்டு, நான்தான் என்றதும் திரும்பிப் போன ஆண்கள் உண்டு. மறுவாரம் அவர்களே வருவார்கள், வலி கூச்சத்தை விடப் பெரியது. உங்களை நான் பரிசோதிக்கவில்லை, அந்தக் கொப்புளத்தைப் பார்க்கவும் இல்லை. ஆகவே கீழே எழுதுவதை மருந்துச்சீட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் அந்தத் தாளை எடுத்துக்கொள்வோம், உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான். ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸில் இரண்டு வகை. வகை 1 பெரும்பாலும் உதட்டோரக் கொப்புளமாக வருவது, சின்ன வயசில் எச்சில் வழியாக, முத்தம் வழியாக வந்து ஒட்டிக்கொள்வது. வகை 2 பெரும்பாலும் உடலுறவில் வருவது, பிறப்புறுப்பில் தங்குவது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு வகை 1 இருக்கிறது. 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு வகை 2 இருக்கிறது. உங்கள் டெஸ்ட் இரண்டு வகையையும் சேர்த்தே பார்த்திருக்கிறது. அப்படியானால் அந்த 'பாசிட்டிவ்' உங்கள் பாட்டி சின்ன வயசில் உங்களுக்குக் கொடுத்த முத்தத்தைக்கூடக் குறிக்கலாம். மூன்று வருஷத்துக்கு முந்தைய சம்பவத்துக்கு அது சாட்சி ஆகாது.

ஐ.ஜி.எம். பாசிட்டிவ் என்றால் புதிதாகத் தொற்றியது என்று லேபில் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஹெர்பிஸ் விஷயத்தில் அது சரியில்லை. பழைய தொற்று மறுபடி தலைகாட்டும்போதும் ஐ.ஜி.எம். ஏறும், வேறு வைரஸ்களோடு குழம்பியும் ஏறும். எந்த நல்ல வழிகாட்டியும் அந்த டெஸ்டைச் சிபாரிசு செய்வதில்லை. என் மேஜைக்கு வந்த ஐ.ஜி.எம். தாள்களை நான் மடித்து அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவேன். அடுத்து அந்த 1.6. வழக்கமாக 1.1-ஐத் தாண்டினாலே பாசிட்டிவ் என்று அச்சடித்துவிடுவார்கள். வகை 2-ஐத் தனியாகப் பார்க்கும் டெஸ்டிலேயே 3-க்குக் கீழே வரும் எண்களில் தவறு அதிகம், இன்னொரு முறையில் உறுதி செய்யாமல் நம்பக்கூடாது என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021 வழிகாட்டி. பொய்யான பாசிட்டிவ் வரும் ஆபத்தைப் பற்றி அந்த நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2023-இல் எச்சரித்திருக்கிறது. அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்த ரத்தப் பரிசோதனையை வழக்கமாகச் செய்யவே வேண்டாம் என்று அவர்களுடைய தடுப்பு மருத்துவக் குழு 2016-இல் சொன்னது, 2023-இல் மறுபடியும் சொன்னது. நம் ஊரிலோ இதை 'பேக்கேஜ்' என்று தள்ளுபடியில் விற்கிறார்கள். வாங்குபவருக்கு விளக்கம் சொல்ல ஆள் கிடையாது, ரிப்போர்ட் இரவு பதினோரு மணிக்கு செல்போனில் வந்து விழும்.

தாளை விட எனக்கு முக்கியம் அந்தப் பழைய கொப்புளம். நீங்கள் சொன்ன வரிசை முதல் ஹெர்பிஸ் தாக்குதலுக்கு நன்றாகவே பொருந்துகிறது. தொற்றி இரண்டிலிருந்து பன்னிரண்டு நாளுக்குள் காய்ச்சல், உடல்வலி, தொடையிடுக்கில் நெறி கட்டுதல், பிறகு கொத்தாகத் தண்ணீர்க் கொப்புளம், உடைந்தால் எரிச்சல். ஆனால் இன்னொரு சாத்தியமும் இருக்கிறது. காய்ச்சலுக்கு மாத்திரை போட்ட பிறகுதானே கொப்புளம் வந்தது? சில ஆன்டிபயாட்டிக்குகளும் வலி மாத்திரைகளும் சிலருக்கு ஆணுறுப்பின் முனையில் கொப்புளத்தையோ புண்ணையோ உண்டாக்கும். மருந்து ஒவ்வாமையில் இது ஒரு வகை. அதே மாத்திரையை மறுபடி போட்டால் அதே இடத்தில் மறுபடி வரும். ஆறின பிறகு அந்த இடத்தில் கருப்பாகவோ கத்தரிப்பூ நிறத்திலோ ஒரு தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். ஹெர்பிஸ் பெரும்பாலும் தடமே இல்லாமல் ஆறும். ஹெர்பிஸ் என்று முத்திரை குத்தி வருஷக்கணக்கில் மருந்து தின்றவர்களில் சிலருக்கு இருந்தது இந்த மாத்திரை அலர்ஜிதான் என்று கண்டுபிடித்திருக்கிறேன். உங்களுக்குத் தழும்பு நின்றதா, அது என்ன மாத்திரை என்று யோசித்துப் பாருங்கள். காய்ச்சல் வைரஸால் வந்ததா, கொப்புளம் மாத்திரையால் வந்ததா என்று மூன்று வருஷம் கழித்து யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

ஆகவே இப்போது செய்ய வேண்டியது சின்ன விஷயம்தான். வகை 2-க்கு மட்டும் தனியாகப் பார்க்கும் ஐ.ஜி.ஜி. டெஸ்டை நல்ல லேபில் ஒரு முறை எடுங்கள். நெகட்டிவ் என்றால், மூன்று வருஷம் ஓடிவிட்டதால் வகை 2 இல்லை என்று ஏறக்குறைய நம்பலாம். எண் நன்றாக உயர்ந்து பாசிட்டிவ் என்றால், உங்கள் கதையோடு சேர்த்துப் பார்க்கும்போது இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு நடப்போம். இடைப்பட்ட எண் வந்தால் அது சந்தேகம்தான். அதற்காக மாதம் ஒரு டெஸ்ட் என்று அலையாதீர்கள். என்றைக்காவது புதிதாகக் கொப்புளம் வந்தால் அதுதான் சந்தர்ப்பம். முதல் இரண்டு நாளுக்குள், எந்தக் களிம்பும் தடவாமல் போனால், அந்த நீரைத் தொட்டு எடுத்து பி.சி.ஆர். செய்து வைரஸ் உண்டா, எந்த வகை என்று திட்டமாகச் சொல்லிவிடலாம். பி.சி.ஆர். இல்லாத ஊரில் நாங்கள் கொப்புளத்தின் அடியைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். ட்சாங்க் ஸ்மியர் என்று பெயர். செலவு கிடையாது, ஆனால் வகை 1-ஆ 2-ஆ என்று அது சொல்லாது. அக்கி வைரஸையும் இதையும்கூடப் பிரித்துக் காட்டாது.

அக்கி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கிராமத்தில் அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போய் காவி குழைத்து உடம்பில் சிங்கம், நாய் எழுதிக்கொள்வார்கள். அக்கி இரண்டு மூன்று வாரத்தில் தானாக ஆறும், பேர் காவிக்குப் போகும். அதில் பெரிய கெடுதலும் இல்லை, குயவர் வாங்குவதும் வெற்றிலை பாக்கோடு ஏதோ கொஞ்சம். பிறப்புறுப்பு ஹெர்பிஸும் அப்படித்தான். முதல் தாக்குதல் இரண்டு மூன்று வாரம், பிறகு வருவதெல்லாம் ஒரு வாரம் பத்து நாள், மருந்தே இல்லாமல் ஆறிவிடும். வருஷம் போகப் போக வருவதும் குறையும். இந்த இயற்கையைத்தான் உங்கள் 48,000 ரூபாய்க்காரர் விற்கிறார். ஆறு மாசத்தில் கொப்புளம் வராது, அதுதான் குணம் என்பார். உங்களுக்கு மூன்று வருஷமாகவே வரவில்லையே? 'நெகட்டிவ் ரிப்போர்ட்' பற்றியும் சொல்கிறேன். ஐ.ஜி.ஜி. என்பது உடம்பின் ஞாபகம். உண்மையான தொற்றாக இருந்தால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க இருக்கும், கஷாயம் குடித்தால் அழியாது. 1.6 போல எல்லையில் நிற்கும் எண் அடுத்த லேபில் தானாகவே 0.9 ஆகலாம். அப்போது அவர் உங்கள் தோளில் தட்டிப் பணம் வாங்கிக்கொள்வார். பால்வினை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. லாட்ஜ் ரூம் போட்டு வைத்தியம் பார்த்தவர்கள் அந்தக் காலத்திலிருந்தே இருக்கிறார்கள், இப்போது யூடியூபுக்கு வந்திருக்கிறார்கள். சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. குணமாகும் என்று வாக்குக் கொடுத்து முன்பணம் வாங்குவதைச் சொல்கிறேன், வாங்குபவர் எந்த வைத்தியம் பார்த்தாலும்.

சரி, இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். வைரஸ் எங்கே இருக்கிறது? தோலில் ஆறிய பிறகு அது நரம்பு வழியே ஏறி, முதுகுத்தண்டின் அடிப்பகுதியை ஒட்டிய நரம்பு முடிச்சில் போய் உறங்குகிறது. ரத்தத்தில் ஓடிக்கொண்டிருப்பது எதிர்ப்புப் பொருள்தான், வைரஸ் இல்லை. ஆகவே 'ரத்தத்தைச் சுத்தம் செய்கிறேன்' என்பவரிடம் சுத்தம் செய்ய ஒன்றும் இல்லை. காய்ச்சல், தூக்கமின்மை, உராய்வு, பெண்களுக்கு மாதவிடாய் என்று ஏதாவது ஒரு சாக்கில் அது எழுந்து அதே நரம்பு வழியே இறங்கித் தோலுக்கு வரும். வகை 2 என்றால் முதல் வருஷத்தில் நாலு தடவை அளவில் வருவது சகஜம், வகை 1 பிறப்புறுப்பில் வந்திருந்தால் ஒரு தடவை வந்தாலே அதிகம். சூட்டுக் கொப்புளம் என்று விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு, கோழியையும் கத்தரிக்காயையும் நிறுத்திவிட்டு வருபவர்கள் நிறைய. பத்தியத்துக்கு எந்த ஆதாரமும் நான் பார்த்ததில்லை, சாப்பிடுங்கள்.

மருந்து இருக்கிறது. அசைக்ளோவிர். வைரஸுக்கே உரிய ஒரு நொதி தொட்டால்தான் அந்த மருந்து விழித்துக்கொள்ளும், ஆகவே நம் செல்களை அதிகம் தொந்தரவு செய்யாது. இந்த மருந்து வந்த ஆய்வுக்கூடத்தை நடத்திய கெர்ட்ரூட் எலியனுக்கு 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது. அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவுகளுக்கு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு நிறம் நிறமாக மருந்துப் பெட்டிகள் தந்தது. அதில் ஹெர்பிஸுக்கு உரியது சிவப்புப் பெட்டி, 400 மில்லிகிராம் அசைக்ளோவிர், நாளைக்கு மூன்று என்று ஏழு நாளுக்கு 21 மாத்திரை. எரிச்சல் ஆரம்பித்த முதல் நாளே போட்டால் நல்ல பலன், ஐந்தாம் நாள் போட்டால் மனத் திருப்திதான். அடிக்கடி வருபவர்களுக்கும், துணைக்குப் பரவாமல் இருக்க வேண்டும் என்பவர்களுக்கும் தினமும் போடும் முறையும் உண்டு. இது வைரஸை விரட்டாது, தூங்க வைக்கும், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் வருங்கால மனைவிக்கு வருவோம். இதில் உறுதியாகத் தெரிந்தவை சில. கொப்புளம் இருக்கும்போதும், வருவதற்கு முன் அந்த இடத்தில் குறுகுறுப்பு தெரியும்போதும் பரவும் வாய்ப்பு அதிகம், அப்போது உறவு கூடாது. கொப்புளம் இல்லாத நாளிலும் வைரஸ் தோலில் கசியும். வகை 2 இருந்தும் அறிகுறியே காட்டாதவர்களில், சோதித்த நாட்களில் பத்தில் ஒரு பங்கு நாளில் அது தென்பட்டதாக 2011-இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று சொல்கிறது. புதிதாகத் தொற்றுபவர்களில் பெரும்பாலோர் இப்படிப்பட்ட 'ஒன்றும் இல்லாத' நாட்களில்தான் வாங்கிக்கொள்கிறார்கள். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது, அது மூடாத தோலிலும் வைரஸ் இருக்கலாம் என்பதால். 2004-இல் 1,484 தம்பதிகளிடம் நடந்த ஆய்வில், தொற்று உள்ளவர் அசைக்ளோவிரின் உறவுக்கார மருந்தான வாலசைக்ளோவிரை தினமும் 500 மில்லிகிராம் போட்டதில் துணைக்குப் பரவுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மூன்றையும் சேர்த்தால், அதாவது கொப்புள நாளில் விலகல், ஆணுறை, தினசரி மாத்திரை, ஆபத்து நன்றாகவே இறங்கும், பூஜ்யம் ஆகாது. எத்தனை சதவீதம் என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த ஆய்வில் இருந்த தம்பதிகளுக்குத் தங்கள் நிலை தெரியும், ஒருவருக்கொருவர் பேசியிருந்தார்கள். பேசாத தம்பதிக்கு அந்த எண்ணைப் பொருத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

குழந்தை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யோசித்திருப்பீர்கள். பிறக்கும் குழந்தைக்கு ஹெர்பிஸ் வந்தால் அது உயிருக்கே ஆபத்தான நோய். ஆனால் அந்த ஆபத்து எங்கே குவிந்திருக்கிறது என்று பாருங்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் முதன்முறையாகத் தாய்க்குத் தொற்றினால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு 30 முதல் 50 சதவீதம். தாய்க்கு முன்பே இருந்து கர்ப்பத்தில் மறுபடி தலைகாட்டினால் ஒரு சதவீதத்துக்கும் கீழே, தாயின் எதிர்ப்புப் பொருள் குழந்தைக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது என்பது அதற்கு ஒரு காரணம். 36-ஆவது வாரத்திலிருந்து அசைக்ளோவிர் கொடுப்பதும், பிரசவ நேரத்தில் புண் இருந்தால் சிசேரியன் செய்வதும் வழக்கம். இதெல்லாம் பிரசவம் பார்க்கும் டாக்டருக்கு விஷயம் தெரிந்திருந்தால்தான் நடக்கும். கணவனுக்கு இருப்பது மனைவிக்கே தெரியாது என்றால் ஏழாம் மாதத்தில் யார் எதைத் தடுப்பது?

அப்படி ஒரு பெண் என்னிடம் வந்தாள். ஏழாம் மாதம், உட்கார முடியாத வலி, கூட வந்த மாமியார் வெளி பெஞ்சில். "எங்க போயி வாங்கிட்டு வந்தியோ" என்று அவர் சொன்னது உள்ளே எனக்கே கேட்டது. கணவனைத் தனியாக அழைத்துக் கேட்டேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை வருமாம், சூடு என்று நினைத்தாராம். அவர் பொய் சொன்னதாக நான் இன்றும் நினைக்கவில்லை. அந்தப் பெண்ணும் குழந்தையும் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் அந்த பெஞ்சில் விழுந்த வார்த்தையை எந்த மாத்திரையும் திருப்பி வாங்கவில்லை. உங்களுக்கு ஹெர்பிஸ் இருப்பது உறுதியானால் வருங்கால மனைவியிடம் கல்யாணத்துக்கு முன்பே சொல்லுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். உறுதியாகாவிட்டால், பாட்டி முத்தத்துக்காக ஒரு நிச்சயத்தைக் கலைக்க வேண்டியதில்லை. நடுவில், சந்தேகம் என்று நின்றால்? நான் உங்கள் இடத்தில் இருந்தால் சொல்வேன். ஆனால் இது மருத்துவம் இல்லை, என் அபிப்பிராயம்.

எப்படிச் சொல்வது என்றால், அவளிடம் மட்டும். புரோக்கர், மாமா, சித்தப்பா யாரும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் வேண்டவே வேண்டாம், நாளைக்கு அது எந்தக் குழுவில் சுற்றும் என்று தெரியாது. நேரில், பகலில், ரிப்போர்ட் கையில் இருக்கும்போது. "எனக்கு முன்னாடி ஒரு பழக்கம் இருந்தது. அதுல ஒரு வைரஸ் வந்திருக்கு. உயிருக்கு ஆபத்து இல்ல, ஆனா உனக்கு வர வாய்ப்பு இருக்கு. டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் போய்க் கேட்டுட்டு நீ முடிவு சொல்லு" என்று இவ்வளவு போதும். அழவோ மன்னிப்புக் கேட்டுக் காலில் விழவோ வேண்டாம், அது அவள் தலையில் இன்னொரு பாரம். அவளுக்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்லலாம், வகை 1 பாசிட்டிவ் வந்தால் அவளும் இந்த ஊர்க்காரி என்றுதான் அர்த்தம். அவள் வேண்டாம் என்று சொல்லலாம். சேதி வெளியே போகாது என்று நான் உத்தரவாதம் தர முடியாது. என்னிடம் வந்து இப்படிச் சொன்னவர்களில் சிலருடைய கல்யாணம் நின்றது, சிலர் ஜோடியாக என் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள்.

மற்ற வைரஸ்களை இதே மூச்சில் சொல்லிவிடுகிறேன், உங்கள் பேக்கேஜ் அவற்றைச் சரியாகத் தொடவில்லை. பால்வினை நோய்களில் பாக்டீரியாவால் வருபவை, சிபிலிஸ், கொனோரியா போல, சரியான ஊசி மாத்திரையில் குணமாகிவிடும். வைரஸால் வருபவை வேறு ரகம். அதில் எச்.பி.வி. எனும் மரு வைரஸ் மிகச் சாதாரணம். உடலுறவு வைத்துக்கொண்ட பெரும்பாலோருக்கு ஒரு காலத்தில் வந்து, பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருஷத்துக்குள் தானாகவே போய்விடும். 6, 11 வகைகள் மருவைத் தரும். அதை உறைய வைத்தோ சுட்டோ திராவகம் தொட்டோ எடுப்போம், மறுபடி வந்தால் மறுபடி எடுப்போம். 16, 18 வகைகள் மரு தராமல் வருஷக்கணக்கில் தங்கினால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயாகலாம். இந்தப் புற்றுநோய்களில் ஏறக்குறைய 70 சதவீதம் இந்த இரண்டால்தான். 1970-களில் உலகமே இந்தப் புற்றுநோய்க்கு ஹெர்பிஸைத்தான் சந்தேகித்தது. இல்லை, மரு வைரஸ் என்று பிடிவாதமாக நின்ற ஹரால்ட் சுர் ஹவுசன் 1983-இல் 16-ஆம் வகையைக் கண்டு சொன்னார், 2008-இல் நோபல் வாங்கினார். நாங்கள் இன்று உறுதி என்று சொல்வதும் நாளைக்கு மாறலாம் என்பதற்கு எங்கள் துறையில் நான் சொல்லும் உதாரணம் இது.

எச்.பி.வி.க்கு ஆண்களிடம் செய்ய அங்கீகரித்த டெஸ்ட் கிடையாது, ரத்தத்தில் பார்ப்பதும் பயனில்லை. தடுப்பூசி இருக்கிறது. உள்நாட்டிலேயே சீரம் இன்ஸ்டிடியூட் தயாரித்த செர்வாவாக் 2023-இல் வந்தது, 9 முதல் 26 வயது வரை ஆண் பெண் இருவருக்கும் அனுமதி உண்டு. உங்கள் வருங்கால மனைவி அந்த வயசுக்குள் இருந்தால் கல்யாணத்துக்கு முன்பே ஆரம்பிக்கலாம். 30 வயது ஆனதும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை, அது அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஹெபடைடிஸ் பி பார்த்தீர்களா? நீங்கள் எழுதிய பட்டியலில் அது இல்லை. அதுவும் உடலுறவில் பரவுவதுதான், மூன்று ஊசியில் தடுக்கக்கூடியது. இருவரும் பார்த்துவிட்டு, இல்லை என்றால் போட்டுக்கொள்ளுங்கள்.

எச்.ஐ.வி. நெகட்டிவ் என்று வந்திருக்கிறது, மூன்று வருஷம் கழித்து எடுத்த டெஸ்ட் என்பதால் அந்தச் சம்பவத்தைப் பொறுத்தவரை அத்தியாயம் முடிந்தது. ஒன்று மட்டும்: வகை 2 ஹெர்பிஸ் உள்ளவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடுகிறது. அசைக்ளோவிர் போட்டு அதைத் தடுக்கலாம் என்று நம்பிச் செய்த பெரிய ஆய்வுகள் தோற்றன, ஏன் என்பது இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. இந்தியாவில் எச்.ஐ.வி.யை முதலில் கண்டது நம் சென்னையில்தான், 1986-இல். மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவியாக இருந்த டாக்டர் நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்து வேலூருக்கு எடுத்துப் போனார். அந்தக் காலத்தில் எங்களிடம் கொடுக்க மருந்தே இல்லை. 2004-இல் இலவசக் கூட்டு மருந்து வந்தது. இன்று ஒழுங்காக மாத்திரை போட்டு ரத்தத்தில் வைரஸ் அளவிட முடியாத நிலைக்குப் போனவர் உடலுறவில் துணைக்குப் பரப்புவதில்லை என்பது ஆயிரக்கணக்கான தம்பதிகளிடம் பார்த்து உறுதியான விஷயம். வேடிக்கை பாருங்கள், எல்லோரும் பயப்படும் எச்.ஐ.வி.யில் 'பரவாது' என்று சொல்ல முடிகிறது, சாதாரணக் கொப்புளத்தில் சொல்ல முடியவில்லை.

அடுத்து, எங்கே போவது? மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பால்வினை நோய்ப் பிரிவு இருக்கும், சுகவாழ்வு மையம் என்ற பலகையும் இருக்கலாம். பக்கத்திலேயே எச்.ஐ.வி.க்கான நம்பிக்கை மையம். செலவு இல்லை, கேள்வியும் நீங்கள் பயப்படும் மாதிரி இருக்காது. போக மனசு வராவிட்டால் 1097-க்கு அழைத்துப் பேசுங்கள், இலவச எண். தனியாரிடம் என்றால் தோல் மற்றும் பால்வினை நோய் படித்தவரிடம் போங்கள், பழைய மாத்திரை அட்டை கிடைத்தால் அதையும் கொண்டுபோங்கள்.

கடைசியில் அக்கா குழந்தை. உங்கள் கைகளில் எந்த வைரஸும் இல்லை. தூக்கினால், குளிப்பாட்டினால், மடியில் போட்டுத் தூங்க வைத்தால் வராது. ஒரே தட்டில் சாப்பிட்டு, அதே கழிப்பறைக்குப் போய், அதே வாளியில் துணி ஊறவைத்தாலும் வராது. உதட்டில் யாருக்காவது கொப்புளம் இருந்தால் அந்த நாட்களில் கைக்குழந்தையை முத்தமிட வேண்டாம், அது உங்களுக்கும் உங்கள் அக்காவுக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் ஒரே மாதிரிதான். இன்றைக்குச் சாயங்காலம் போய்த் தூக்குங்கள்.